கொல்லாண்டித் தோட்டுக்குள் இருக்கும் கார்டனால்: ஓர் எளிய விளக்கம்

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஊர்களில் கொல்லாம்பழக் காலம் வந்துவிட்டால் வீட்டு முற்றத்தில் அண்டி சுடுவது வழக்கம். அடியில் ஓட்டை போட்ட பழைய சட்டியில் அண்டியைக் கொட்டி, கீழே சருகு எரித்து, நீண்ட கம்பால் கிளறிக்கொண்டே இருந்தால், சற்று நேரத்தில் தோட்டிலிருந்து எண்ணெய் கசிந்து, சீறி, தீப்பிடித்து, சட்டி முழுவதும் கரும்புகையோடு எரியத் தொடங்கும். உடனே சட்டியைக் கவிழ்த்து, மண்ணையோ சாம்பலையோ அள்ளிப் போட்டு அணைத்து, ஆறியபின் கல்லில் வைத்துத் தட்டினால் பருப்பு கிடைக்கும். "மக்களே, வெறுங்கையால தொடாத, கை வெந்து போவும்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு வளராத பிள்ளை எங்கள் பக்கத்தில் இருக்க முடியாது. தொட்டால் கையைப் புண்ணாக்குவது எதுவோ, நெருப்பில் சீறி எரிவது எதுவோ, அதுவே தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய். அந்த எண்ணெயிலிருந்து கிடைக்கும் கார்டனால் என்னும் இயற்கைப் பீனாலைப் பற்றியது இக்கட்டுரை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் முந்திரி என்று சொல்லப்படுவது குமரி மாவட்டத்தில் கொல்லாமரம். அதன் கொட்டை கொல்லாண்டி, அல்லது வெறுமனே அண்டி. கப்பலண்டி என்றால் நிலக்கடலை, மாங்காண்டி என்றால் மாங்கொட்டை. ஆனால் 'அண்டி ஆபீஸ்' என்றால் முந்திரித் தொழிற்சாலைதான், வேறு பொருள் கிடையாது. அண்டியின் ஓடு எங்கள் பேச்சில் தோடு. மரம் பிரேசில் நாட்டைச் சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்து மேற்குக் கடற்கரையில் நட்டதால்தான் மலையாளத்தில் அதற்குப் பறங்கிமாவு என்ற பெயரும் உண்டு. இந்தப் பெயரில் 'மாவு', அதாவது மாமரம், இருப்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் அது உதவும்.

பச்சை அண்டி ஒன்றைப் பாக்குவெட்டியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால், தோடு ஒரே திண்ணமான ஓடாக இல்லை என்பது தெரியும். வெளியே தோல்போன்ற வழுவழுப்பான படலம், உள்ளே பருப்பை ஒட்டிய கடினமான ஓடு, இவ்விரண்டுக்கும் நடுவே தேன்கூட்டைப் போலச் சிறு சிறு அறைகள். வெட்டிய நொடியில் அந்த அறைகளிலிருந்து வெளிறிய பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான நீர்மம் துளித்துளியாக ஊறி நிற்கும். காற்றுப் பட்டுச் சிறிது நேரத்தில் கருக்கத் தொடங்கும். மரம் அதை அங்கே சேர்த்து வைத்திருப்பது தன் விதையைக் காக்கத்தான். பூச்சியோ விலங்கோ கடித்தால் முதலில் வாயில் படுவது இந்த எண்ணெய்.

இனி பீனால் என்றால் என்ன என்று பார்ப்போம். ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் வட்டத்தைப் பென்சீன் வளையம் என்கிறோம். அந்த வளையத்தின் ஒரு கார்பனில், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி நேரடியாக ஒட்டியிருந்தால் அச்சேர்மம் பீனால் வகையைச் சேர்ந்தது. எளிமையான பீனாலை 1834-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தார். 1865-இல் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் என்ற பெயரில் அதையே காயங்களில் சீழ் பிடிக்காமல் தடுக்கப் பயன்படுத்தினார். தாவரங்களோ மனிதருக்கு வெகுகாலம் முன்பிருந்தே பீனால்களைச் செய்துவருகின்றன. கிராம்பின் காரத்துக்குக் காரணமான யூஜெனால், ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால், மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் எல்லாம் பீனால்களே. பல் வலிக்குக் கிராம்பு வைத்தவர்கள் பீனாலைப் பயன்படுத்தியவர்கள்தான்.

அண்டித் தோட்டின் எண்ணெயில் முக்கியமாக மூன்று பீனால்கள் உள்ளன: அனகார்டிக் அமிலம், கார்டால், கார்டனால். பச்சைத் தோட்டில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம்தான்; ஜெர்மானியரான ஸ்டேடலர் 1847-இல் இதைப் பிரித்தெடுத்தார். மூன்றும் ஒரே குடும்பச் சாயல் உடையவை. ஒவ்வொன்றுக்கும் பென்சீன் வளையமாகிய தலையும், 15 கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நீண்ட வாலும் உண்டு. தலையில் மட்டுமே வேறுபாடு. கார்டனாலின் தலையில் ஒரு ஹைட்ராக்சில். கார்டாலின் தலையில் இரண்டு. அனகார்டிக் அமிலத்தின் தலையில் ஒரு ஹைட்ராக்சிலும் அதன் அருகே ஓர் அமிலத் தொகுதியும். அமிலத் தொகுதியோடு சேர்ந்த இந்தத் தலை உண்மையில் சாலிசிலிக் அமிலம்; ஆஸ்பிரின் மாத்திரை எந்த அமிலத்திலிருந்து செய்யப்படுகிறதோ அதே அமிலம். ஆகவே, அனகார்டிக் அமிலம் என்பது வால் முளைத்த சாலிசிலிக் அமிலம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அனகார்டிக் அமிலத்தை ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், அமிலத் தொகுதி கழன்று கார்பன் டை ஆக்சைடு வாயுவாகப் பறந்துவிடும், மிஞ்சுவது கார்டனால். தொழிற்சாலையின் பெரிய கொப்பரையில் காயும் தோட்டெண்ணெய் நுரைத்துப் பொங்குவது இதனால்தான். 100 கிலோ அனகார்டிக் அமிலத்தைச் சூடாக்கினால் ஏறக்குறைய 13 கிலோ வாயுவாகப் போய், 87 கிலோ கார்டனால் நிற்கும் என்று மூலக்கூறு எடையைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். அதனால்தான் பச்சைத் தோட்டின் எண்ணெயில் சிறிதளவே இருக்கும் கார்டனால், தொழிற்சாலையில் சூடாக்கிய எண்ணெயில் பெரும்பங்காகிவிடுகிறது. பிறகு வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால், கறுப்பு எண்ணெயிலிருந்து வெளிறிய மஞ்சள் நிறக் கார்டனால் தனியாகக் கிடைக்கும். வெற்றிடம் எதற்கு என்றால், சாதாரண அழுத்தத்தில் அது கொதிக்குமளவு சூடேற்றினால், கொதிப்பதற்கு முன்பே பெரும்பகுதி ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகிவிடும்.

வாலைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கார்டனாலின் குணம் பாதிக்குமேல் வாலில்தான் இருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து போகும், நல்லெண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெயின் வால்கள் பெரும்பாலும் இரட்டைப் பிணைப்பு (அடுத்தடுத்த இரு கார்பன்கள் இரண்டு பிணைப்பால் கோத்திருப்பது) இல்லாமல் நேராக இருப்பதால் அடுக்கி வைத்த விறகுபோல நெருங்கிப் படிந்து கெட்டியாகின்றன. நல்லெண்ணெயின் வால்களில் இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் அவை வளைந்து, நெருங்கி அடுக்க முடியாமல் நீர்மமாகவே நிற்கின்றன. கார்டனாலும் இவ்வாறே. இயற்கையில் கிடைப்பது ஒரே சேர்மம் அன்று, நான்கின் கலவை: வாலில் இரட்டைப் பிணைப்பே இல்லாதது, ஒன்று உள்ளது, இரண்டு உள்ளது, மூன்று உள்ளது. இரட்டைப் பிணைப்பில்லாத வகையை மட்டும் பிரித்தெடுத்தால் அது ஏறக்குறைய 50 டிகிரி வரை மெழுகுபோலக் கெட்டியாக இருக்கும். மற்றவை கலந்திருப்பதால்தான் கார்டனால் நீர்மமாகத் திரிகிறது. அதே இரட்டைப் பிணைப்புகள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஆளிவிதை எண்ணெயைப் போல, பூசிய இடத்தில் மெல்ல உலர்ந்து படலமாகவும் மாறும்.

இப்போது கை வேகும் கதைக்கு வருவோம். கொல்லாமரத்தின் குடும்பத்தில் மாமரம் இருக்கிறது. துணி வெளுப்பவர்கள் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டை இருக்கிறது. ஜப்பானியர் மெருகுப் பூச்சுக்கு வடிக்கும் உருஷி மரமும் இருக்கிறது. மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் புண்ணாவதும், சேங்கொட்டைச் சாறு பட்டு உடம்பு வீங்குவதும், உருஷிப் பால் பட்டவர்களுக்குக் கொப்புளம் எழுவதும், அண்டி எண்ணெய் கையை அரிப்பதும் ஏறக்குறைய ஒரே காரணத்தால். நான்கிலும் பீனால் தலையோடு நீண்ட வால் கொண்ட சேர்மங்கள் உள்ளன. எளிய பீனாலே தோலைச் சுடும். அதற்கு எண்ணெயில் கரையும் வாலும் சேர்ந்துவிட்டால், கொழுப்பால் ஆன தோலின் மேற்காப்பைக் கடந்து அது உள்ளே இறங்கிவிடுகிறது. சிலருக்கு இது வெறும் அரிப்பு. சிலருடைய உடம்பு அதை ஒவ்வாப் பொருளாகப் பதிந்துகொண்டு, அடுத்தடுத்த முறை சிறிதளவு பட்டாலும் கொப்புளம் கிளப்பும். இதில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும்தான் கடுமையானவை. கார்டனால் அவற்றைவிட மென்மையானது, ஆனால் அதையும் வெறுங்கையால் கையாளக் கூடாது.

என் அம்மா 20 ஆண்டுகளுக்கு மேல் அண்டி ஆபீஸில் அண்டி தல்லும், அதாவது தட்டி உடைக்கும், வேலை பார்த்தார். காலையில் வேலை தொடங்கும் முன் உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் சாம்பலை அப்பிக்கொள்வார். சில நாள் ஆமணக்கெண்ணெய். அப்படியும் வலது கைப் பெருவிரலின் உட்புறத்தில் தோல் கருத்து, தடித்து, நடுவில் வெடித்திருக்கும்; ரேகை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. சாம்பல் ஏன் என்று சிறுவயதில் எனக்குத் தெரியாது. சாம்பல் காரத்தன்மை உடையது, அமிலத்தோடு சேர்ந்து அதன் கடுமையைக் குறைக்கிறது. தூளாக இருப்பதால் எண்ணெயை உறிஞ்சியும் கொள்கிறது. ஆமணக்கெண்ணெய் வேறு வழியில் உதவுகிறது: தோலின்மேல் முதலிலேயே கெட்டியான படலமாக நிற்பதால் தோட்டெண்ணெய் நேராகத் தோலைத் தொடுவது குறைகிறது. வேதியியல் படிக்காத பெண்கள் கண்டுபிடித்த காப்பு இது. கையுறை தரும் இடங்களிலும் பலர் போடுவதில்லை, ஏனென்றால் கூலி எடைக்கணக்கில், கையுறை போட்டால் விரல் மெதுவாகிவிடும். அம்மா வேலை பார்த்த இடத்தில் கையுறை தரப்படவே இல்லை என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பழைய முறையில் அண்டியை உருளையிலிட்டு வறுத்தபோது தோட்டெண்ணெய் எரிந்து புகையாகப் போயிற்று. கண்ணும் தொண்டையும் கெட்டன, எண்ணெயும் வீணாயிற்று. இப்போது பெரும்பாலான ஆபீஸ்களில் நீராவியில் அவித்து, ஆறவைத்து, கத்தி பொருத்திய கருவியில் ஒவ்வொன்றாக வெட்டுகிறார்கள். புகை இல்லை என்பது நல்லது. ஆனால் நீராவியின் சூடு 180 டிகிரியை எட்டுவதில்லை. அதனால் அனகார்டிக் அமிலம் மாறாமல் தோட்டிலேயே இருக்கிறது, வெட்டும்போது கையில் தெறிப்பது அதுதான். முறை மாறியும் சாம்பலும் ஆமணக்கெண்ணெயும் போகாததற்குக் காரணம் இது. எண்ணெய் பட்டால் வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, அது தண்ணீரில் கரையாது. தாமதிக்காமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டு வைத்தியம் அங்கே வேண்டாம். கடையில் பச்சைப் பருப்பு என்று விற்பதும் பெரும்பாலும் அவித்து எடுத்ததே என்பதால், அதைத் தின்பதில் இந்தப் பயம் இல்லை.

கையைப் புண்ணாக்கும் இதே தலையும் வாலும்தான் கார்டனாலின் பயன்களுக்கும் அடிப்படை. பழைய வீடுகளில் கறுப்பு நிறத்தில் உருண்டையான மின்விளக்குச் சுவிட்சுகள் இருந்தன அல்லவா, அவை பேக்கலைட்டால் ஆனவை. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லண்ட் 1907-இல் பீனாலையும் பார்மால்டிஹைடு என்னும் சிறிய கார்பன் சேர்மத்தையும் சேர்த்து அதைச் செய்தார். பீனால் வளையத்தில், ஹைட்ராக்சில் இருக்கும் கார்பனை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால், இரண்டாவது, நான்காவது, ஆறாவது கார்பன்கள் பார்மால்டிஹைடோடு கைகோக்கும் இடங்கள். ஒவ்வொரு வளையமும் மூன்று பக்கம் கைநீட்டிப் பிடித்துக்கொள்வதால் முப்பரிமாண வலை உண்டாகிறது. சூட்டில் உருகாத, ஆனால் தட்டினால் சட்டென்று உடையும் பொருள் கிடைக்கிறது.

கார்டனாலின் வால் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்: மூன்றாவது கார்பனில். அது இரண்டிலோ நான்கிலோ ஒட்டியிருந்தால் கைகோக்கும் இடங்களில் ஒன்று அடைபட்டிருக்கும். மூன்றில் ஒட்டியிருப்பதால், சற்று இடநெருக்கடி இருந்தாலும், மூன்று இடங்களும் திறந்தே இருக்கின்றன. ஆகவே கார்டனாலும் பார்மால்டிஹைடோடு சேர்ந்து வலை பின்னும். அந்த வலையின் கண்ணிகளுக்கிடையே 15 கார்பன் நீள வால்கள் தொங்கி, வலையை இறுகவிடாமல் நெகிழ வைக்கும். மற்ற பிசின்களில் நெகிழ்ச்சிக்காகத் தனியே ஒரு பொருளைக் கலக்க வேண்டும், அது நாளடைவில் கசிந்து வெளியேறிவிடும்; இங்கே நெகிழ்ச்சி தருவது மூலக்கூறின் உறுப்பாகவே இருப்பதால் எங்கும் போகாது. இந்தச் சேர்மத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்: வால் ஓர் இடம் தள்ளி அமைந்திருந்தால் கைகோக்கும் மூன்று இடங்களும் திறந்திருக்காது.

பயன்களில் முதலிடம் வண்டிகளின் பிரேக்குக்கு. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் ஆப்பிரிக்க அண்டி, லாரிகளில் செங்கோட்டை, ஆரியங்காவு மலைவழியாகக் கொல்லத்துக்குப் போகிறது. பாரம் ஏற்றிய லாரி அந்த இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்கும்போது, பிரேக் கட்டை உராய்ந்து கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் பிடிமானம் குறைந்தால் வண்டி நிற்காது. கட்டை மிகக் கடினமாக இருந்தால் கிறீச்சிட்டு, சக்கரத்தின் உருளையையே தேய்க்கும். தோட்டெண்ணெயைப் பிசினாக்கி, கெட்டிப்படுத்தி, அரைத்தெடுத்த பழுப்புத் தூளைப் பிரேக் கட்டையின் கலவையில் சேர்த்தால், அது சூட்டை ஏற்றுக்கொண்டு, பிடிமானத்தைச் சீராக வைத்து, இரைச்சலையும் குறைக்கிறது. அமெரிக்காவில் மார்ட்டிமர் ஹார்வி 1920-களில் இந்த எண்ணெயை ஆராய்ந்து காப்புரிமைகள் பெற்ற காலத்திலிருந்தே இந்தப் பயன் தொடர்கிறது. அண்டி ஏற்றிய லாரியை மலைச்சரிவில் நிறுத்துவதிலும் அண்டித் தோட்டுக்குப் பங்கு இருக்கக்கூடும்.

கடற்கரைப் பக்கம் போனால் இன்னும் பழைய பயன் ஒன்றைப் பார்க்கலாம். மேற்குக் கடற்கரை மீனவர்கள் வள்ளத்தின் பலகைகளுக்குத் தோட்டெண்ணெயைப் பூசுவது நெடுநாள் வழக்கம். சில இடங்களில் மீனெண்ணெயும் சேரும். பீனால் தலை பூஞ்சையையும் துளைக்கும் பூச்சியையும் தடுக்கிறது, வால் தண்ணீரை விலக்குகிறது, இரட்டைப் பிணைப்புகள் காற்றில் உலர்ந்து படலமாகின்றன. கரையான் வராமலிருக்க உத்தரத்துக்கும் வேலிக்கால்களுக்கும் பூசுவதும் இதே நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கைக்கு வேதியியல் ஆதாரம் உண்டு.

இதன் இன்றைய வடிவம் பெரிய கப்பல்களில் இருக்கிறது. எபாக்சி என்னும் பூச்சு இரண்டு நீர்மங்களாக வரும். இரண்டையும் கலந்தால்தான் கெட்டியாகும். இரண்டாவது நீர்மமாகிய கெட்டிப்படுத்தியைக் கார்டனால், பார்மால்டிஹைடு, அமீன் என்னும் நைட்ரஜன் சேர்மம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்கிறார்கள். அதற்குப் பீனால்கமின் என்று பெயர். பல கெட்டிப்படுத்திகள் குளிரிலும் ஈரத்திலும் சரியாக வேலை செய்யாமல் பூச்சைப் பிசுபிசுப்பாக விட்டுவிடும். பீனால்கமினில் உள்ள ஹைட்ராக்சில் வினையை விரைவுபடுத்துவதால் குளிரிலும் பூச்சு கெட்டியாகிறது. வால் ஈரத்தை விலக்குவதால் சற்று நனைந்த இரும்பிலும் பிடித்து நிற்கிறது. கப்பல் பழுதுபார்க்கும் துறையில் ஒவ்வொரு நாளும் பணமாக இருக்கும்போது, வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாத பூச்சின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

ரப்பரைப் பிசையும்போது இளக்கியாக, மின்காப்பு வார்னிஷாக, அடுக்குப் பலகைகளை ஒட்டும் பிசினாக, எண்ணெய்கள் காற்றில் கெடாமல் காக்கும் சேர்ப்புப் பொருளாக என்று பயன்கள் இன்னும் உள்ளன. குறையும் உண்டு: வெயில் படும் இடத்தில் மஞ்சளித்துக் கருக்கும். ஆகவே வெள்ளைச் சுவருக்கு இது ஆகாது; இரும்பின்மேல் அடிப்பூச்சாகத்தான் பெரும்பாலும் பயன்படும். வாலின் இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனை ஏற்றிவிட்டால் கருப்பது குறையும், ஆனால் செலவு கூடும், பொருளும் மெழுகாகிவிடும்.

இன்றும் தொழிற்சாலைகளில் பயன்படும் பீனாலின் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. கார்டனால் மரத்திலிருந்து வருகிறது; அதுவும் உணவாகாத பகுதியிலிருந்து. 100 கிலோ அண்டியை உடைத்தால் பருப்பு ஏறக்குறைய 25 கிலோதான், தோடு ஏறக்குறைய 70 கிலோ; அந்தத் தோட்டின் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய் இருக்கிறது. செக்குப் போன்ற திருகு எந்திரத்தில் பிழிந்தபின் சக்கையாகும் தோடும் வீணாவதில்லை. விறகைவிட நின்று எரியும் என்பதால், மறுநாள் அண்டியை அவிக்கும் கொதிகலனின் அடுப்புக்கே அது திரும்பிப் போகிறது. பிழிந்தது போதாமல் எண்ணெய் மிஞ்சியிருந்தால் புகை கண்ணைக் கரிக்கும். அடுப்படியில் நிற்பவர் அதை வைத்தே அன்றைய தோடு சரியாகப் பிழியப்பட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.